ஆசி கேட்டு வந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ஜீவா பட்டறையைத் திறந்துவிடுவான். சென்னை பாடி மேம்பாலத்தை அடுத்த சந்தில் இருக்கிற அந்த லேத் பட்டறையில் வாரம் ஆறு நாளும் கடைசல் பிடிக்கிறவன் அவன். ஏழாவது நாள் அங்கே நாட்டியம். ஆடுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்துக்கொண்டு போக வேண்டும். துடைப்பத்துக்குத் தப்பிய இரும்புப் பிசிறெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு மூலையை விட்டால் போதும், அன்றைக்கு யாராவது ஒருவர் பாதத்தில் ரத்தம்தான்.

குழுவின் பெயர் ‘அகலக்கால்’. பெயர் வைத்தவன் கிருபாகரன். கரூரிலிருந்து பிழைக்க வந்து, அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். அகலக்கால் வைக்காதே என்று அப்பா சொல்லிச் சொல்லிக் காது புளித்துப்போனவன், வைத்துத்தான் பார்ப்போமே என்று கிளம்பிவிட்டான். ஆணை நேசிக்கிற ஆண் அவன். ஜீவா திருநம்பி. வங்கி வேலைக்கு நடுவே பரதம் சொல்லித்தரும் எழிலரசி, தன் தோழியோடு குடும்பம் நடத்துகிறவள். ரேஷ்மா திருநங்கை. பால்புதுமையர் நாட்டிய நாடகக் குழு என்று நாலு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்ட அன்று, இனி நமக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்று கிருபாகரன் நெஞ்சு நிறைந்து போனான்.

முதல் ஆட்டம் ரேஷ்மா அமைத்தது. ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை வாடகைக்கு வீடு கேட்டு அவள் ஏறி இறங்கிய பன்னிரண்டு வாசல்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நடை, ஒரு முகம். பேச்சே கிடையாது. ஏழாவது வாசலில் கதவைத் தட்டக் கை ஓங்கிவிட்டு, தட்டாமலே திரும்பி நடப்பாள். அந்த இடம் வரும்போதெல்லாம் ஜீவா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான்.

குழுவில் சேர்ந்த அன்று அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒன்பது வருஷம் ஆவடி மார்க்கெட்டில் கடை கடையாகக் கைதட்டிக் காசு வாங்கினவள். அதைத் தலைமுழுகிவிட்டு, ஒரு தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இங்கே யாரும் தன்னிடம் ஆசீர்வாதம் கேட்கக்கூடாது, யாருக்கும் திருஷ்டி கழிக்கச் சொல்லக்கூடாது என்றாள். இதென்ன பெரிய விஷயம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கிருபாகரன்தான் முதலில் ஆட்டினான்.

மண்டபத்துக்கும் விளக்குக்கும் பணம் வேண்டுமே. நண்பர்களிடம் திரட்டியது முன்பணத்தோடு சரி. கிருபாகரன் மாதக்கணக்கில் அறக்கட்டளைகளுக்கு எழுதி எழுதி ஓய்ந்துபோனான். பதில் சொன்னது ஒன்றுதான். அம்பத்தூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு குடும்பத்தின் அறக்கட்டளை அது. நிர்வாகி சாவித்திரி அம்மாள் தன்மையாகப் பேசினார். மூன்று லட்சம் வரை தரலாம், ஞாயிற்றுக்கிழமை வந்து ஒத்திகையைப் பார்க்கிறேன் என்றார். அதோடு இன்னொன்றும் கேட்டார். மகள் கவிப்பிரியாவுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. அவளையும் அழைத்து வருகிறேன், உங்கள் குழுவில் இருக்கும் திருநங்கை அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தால் சந்தோஷமாக இருக்கும்.

தாராளமாக மேடம் என்று சொல்லிவிட்டான் கிருபாகரன். ரேஷ்மாவைக் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பாள் என்று தெரிந்ததனால்தான் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு, சாவித்திரி அம்மாளின் கார் வர அரை மணி இருக்கும்போது பட்டறை வாசலில் வைத்து மென்று விழுங்கிச் சொன்னான். ஒரே ஒரு தடவை, குழுவுக்காக. ரேஷ்மா சலங்கையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ‘ஒத்துக்கினியா?’ என்று மட்டும் கேட்டாள். அவன் தலை குனிந்ததும், ‘சரி’ என்றாள்.

வந்தார்கள். ரேஷ்மா குறை வைக்கவில்லை. பெண்ணின் தலையில் கை வைத்தாள், கன்னம் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை நெறித்துத் திருஷ்டி கழித்தாள். சாவித்திரி அம்மாள் நீட்டிய நோட்டை வாங்கிக்கொண்டு, முறைப்படி ஒரு ரூபாய் நாணயத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாணயத்தைக் கண்ணில் ஒற்றிக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினார். ஜீவா லேத்தின் மேல் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஆட்டம். பன்னிரண்டு வாசலும் ஆடி முடித்து ரேஷ்மா மூச்சு வாங்க நின்றாள். கவிப்பிரியா கைதட்டினாள், அம்மா தட்டவில்லை. கிருபாகரனைத் தனியே அழைத்தார். தனியே என்றாலும் அது பட்டறை. தகரக் கூரைக்குக் கீழே மெதுவாகப் பேசினாலும் நாலு மூலைக்கும் கேட்கும்.

“நல்லா இருக்குங்க. பணத்துக்குத் தடையே இல்லை. ஆனா அவங்க ஆட வேண்டாம். நாங்க அவங்களை சாமி மாதிரி நினைக்கிறவங்க. மேடையில அப்படி விழுந்து எழுந்து ஆடறதைப் பார்க்க மனசு ஒப்பலை. வாசல்ல தட்டோட நின்னு வர்றவங்களை ஆசீர்வாதம் பண்ணட்டும், எவ்வளவு மங்களமா இருக்கும். அந்த பார்ட்டை பரதம் தெரிஞ்ச பொண்ணு ஆடட்டும்.”

அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதுதான் கிருபாகரனுக்குச் சங்கடம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான். “பார்க்கலாம் மேடம்” என்றான். எழிலரசிக்கு அந்தப் பாகம் எத்தனை வாரத்தில் வரும் என்று மனசு அங்கேயே கணக்குப் போட்டுவிட்டது.

கார் போனதும் ரேஷ்மா சலங்கையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

“அப்போ கடைக்காரன் கேட்டான், பண்ணேன். வயித்துக்கு வேற வழி இல்ல. நீ இன்னாத்துக்கு கேட்டே கிருபா? நான் இங்க ஆடத்தான வந்தேன்.”

அவன் குழு, மண்டபம், எதிர்காலம் என்று என்னவோ சொல்லிப் பார்த்தான். அவள் இடைமறிக்காமல் கேட்டுவிட்டு ஆவடி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எழிலரசியும் அவன் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் நடந்ததையெல்லாம் ஸ்ரீகாந்திடம் கொட்டினான் கிருபாகரன். இருவரும் ஐந்து வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள். ஊருக்கு மட்டும் அறைத் தோழர்கள். அந்த அம்மாள் ரேஷ்மாவை உயர்த்தித்தானே பேசினார், இதில் என்ன அவமானம் என்று இன்னமும் வாதாடிக்கொண்டிருந்தான். ஸ்ரீகாந்த் காய்ந்த துணிகளை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

“உன் தங்கச்சி கல்யாணத்துல என்னை எங்க நிறுத்தினாங்க, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. கரூர் மண்டபத்தின் வாசலில் பன்னீர்ச் செம்போடு நிறுத்தினார்கள். எவ்வளவு பாந்தமான பையன் என்று உறவெல்லாம் மெச்சியது. அம்மா தன் கையாலேயே அவனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்திருந்தாள். குடும்பப் படம் எடுக்கும்போது மட்டும் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டியவன் கிருபாகரன். மேடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் பட்டுச் சட்டையோடு நின்றுகொண்டு வாசலைப் பார்க்காமல் இருந்தான்.

“எனக்கு அன்னைக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாரும் மரியாதையாத்தான் நடத்தினாங்க” என்றான் ஸ்ரீகாந்த். கிருபாகரனுக்கு அழுகை வந்தது, அழுதான். தனக்கு அநியாயம் நடந்தால் ஊரையே குற்றம் சொல்லத் தெரிந்தவனுக்கு, அதே அநியாயம் தன் கையால் இரண்டு முறை நடந்தது தெரியாமல் போயிற்றே.

மறுநாள் வேலைக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு அறக்கட்டளைக்கு நேரிலேயே போனான். சாவித்திரி அம்மாள் காபி வரவழைத்தார். ரேஷ்மா ஆடாமல் அந்த ஆட்டம் கிடையாது, அவளை வாசலில் நிறுத்தவும் மாட்டோம் என்றான். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. தெய்வமாக நினைப்பது தப்பா என்று கேட்டார்.

“தெய்வம்னு சொல்லிட்டா வீடு தர வேண்டியதில்லை, வேலை தர வேண்டியதில்லை, பக்கத்துல உட்கார வைக்க வேண்டியதில்லை மேடம். கும்பிட்டுட்டுப் போயிடலாம். நானும் நேத்து அதைத்தான் செஞ்சேன்.”

உங்கள் இஷ்டம் என்றார் கடைசியில். மூன்று லட்சம் அத்தோடு போயிற்று. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணமும் திரும்பி வராது.

அங்கிருந்து நேரே ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை. பதின்மூன்றாவது வாசலில் கிடைத்த ஒற்றை அறையில் ரேஷ்மா குடியிருந்தாள். தையல் கூடத்திலிருந்து அவள் வரும்வரை வாசலிலேயே காத்திருந்தான். அவள் வந்து கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டாள், தண்ணீர் கொடுத்தாள். கிருபாகரன் மன்னிப்புக் கேட்டான். தெரிந்தே அவளிடம் கேட்காமல் வாக்குக் கொடுத்ததையும், எழிலரசியை ஆடவிடலாமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டதையும் மறைக்காமல் சொன்னான். பிறகு, கொஞ்சம் பெருமையும் கலந்துதான், உங்களுக்காக அந்தப் பணத்தையே வேண்டாமென்று சொல்லிவிட்டேன் அக்கா என்றான்.

ரேஷ்மாவின் முகம் மலரவில்லை.

“எனுக்காக உட்டேன்னு சொல்லாத நைனா. அப்டி சொன்னா நான் காலத்துக்கும் உனுக்கு கடன்பட்டுகினு நிக்கணும். அந்த அம்மா கும்புட்டுச்சு, நீ எரக்கப்படற. ரெண்டு பேருமே என்ன மேல இல்லாங்காட்டி கீழ வச்சுத்தான் பாக்கறீங்க. நான் ஆடலன்னா அந்த ஆட்டமே இல்ல, அதனால உட்டேன்னு சொல்லு. அதான நெசம்?”

நிஜம் அதுதான். மண்டபம் இல்லை, பட்டறையில் தவிர ஆட இடமில்லை, பார்க்க யார் வருவார்கள் என்றும் தெரியவில்லை. அவற்றுக்கெல்லாம் அவனிடம் பதில் கிடையாது. இந்த ஒன்றுக்கு இருந்தது.

“நீங்க இல்லாம அந்த ஆட்டம் இல்லைக்கா. அதனாலதான் வேண்டாம்னு சொன்னேன்.”

“இப்போ பேசு” என்றாள் ரேஷ்மா. “ஒருத்தர கும்புடறதும் மரியாத இல்ல, பாவம்னு பாக்கறதும் மரியாத இல்ல. அவங்க செய்ற வேலைய வேலையா மதிச்சு, சரிசமமா பக்கத்துல எடம் குடுக்கறதுதான் மரியாத. இத மொதல்ல நாம நமக்குள்ள கத்துக்கணும். அப்பால ஊருக்கு ஆடிக் காட்டலாம்.”