லார் பார்க்காத ஆட்டம்

விசாரணைக்குப் போகும் வழியெல்லாம் அணித்தலைவன் ஃபோகர்ட்டி லாரின் முழங்கையைப் பிடித்தபடியே வந்தான். விட்டால் ஓடிவிடுவான் என்று பயம் போலும்.

"ஒரே ஒரு 'இல்ல'. அதுக்கு மேல வாயத் தொறக்காத. உன் தம்பி மேலோகத்துல இருக்கானே, அவனே உன்ன மன்னிப்பான்."

லார் டுவான் ஏழு வருஷமாக மாவட்டத்துக்காக ஹர்லிங் என்னும் நாட்டு மட்டைப்பந்து ஆடுகிறான். மூக்கு இரண்டு தடவை உடைந்தது, சுண்டுவிரல் இன்றும் மடங்காது. வென்ற பதக்கம் என்று ஒன்றுகூட இல்லை. இந்த வருஷம்தான் இறுதி ஆட்டத்தில் அவன் மட்டையால் அடித்த கடைசிப் பந்து கோலுக்குள் போனது. தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வசந்தத்தில் பட்டாளத்து மைதானத்தில் இங்கிலீஷ்காரச் சிப்பாய்களின் கால்பந்தை லார் நின்று பார்த்தான் என்று புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். அந்நிய ஆட்டத்தை வேடிக்கை பார்த்தாலே நம் ஹர்லிங் கழகத்தில் தள்ளிவைப்பு. அவனை வைத்து ஜெயித்த கோப்பையும் போய்விடும்.

பார்த்தது உண்மைதான். சிப்பாய்களோடு ஓடியவன் அதே பட்டாளத்தில் சேர்ந்திருந்த அவன் தம்பி டின்னி. மறுவாரம் கப்பலேறினான், கோடை முடியுமுன் பிரான்சில் நடந்த போரில் மண்ணுக்குள் போனான். உடல்கூட வரவில்லை.

சாராயக்கடையின் பின்னறையில் மேசைக்கு அந்தப் பக்கம், கழகத்துக்காக விசாரிக்கும் பாதிரியார் உட்கார்ந்திருந்தார். "ஆண்டவர் சாட்சியா சொல்லு. அன்னிக்கு அங்க நின்னியா?"

"இல்ல சாமி."

"உன் தம்பி ஆடினானாமே?"

"அது எனக்குத் தெரியாது."

புகார் தள்ளுபடியானது. பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள்.

கெட்ட சேதிக்குக் கால் நாலு என்பார்கள். அவன் சொன்ன 'இல்ல' அவனுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. அம்மா ஹானோரா கணப்பருகே இருந்தாள். சாவுச் சேதி வந்த நாள் முதல் மாலையானால் அவள் கேட்பது ஒன்றுதான்: கடைசியா என் பிள்ளை எப்படி இருந்தான்? லாரும் அன்று மைதானத்தில் பார்த்ததைச் சலிக்காமல் சொல்வான். இரவல் பூட்ஸ் பெரிசு, சேற்றில் குப்புற விழுந்தான், எழுந்து இவனைப் பார்த்துச் சிரித்தான், அவள் சுட்டனுப்பிய ரொட்டியைப் பாதி பிய்த்து இவனுக்கே கொடுத்தான். அதைக் கேட்டுத்தான் அவள் தூங்கப்போவாள்.

"நீ போகவே இல்லியாமே," என்றாள். குரலில் கோபம் இல்லை. "தினமும் கேட்டுக் கேட்டு உன்னப் பாடாப் படுத்திட்டேன். பெத்தவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு எவ்வளவு சோடிச்சிருக்க."

"ஐயோ, போனேம்மா. அங்கதான் பொய் சொன்னேன்."

"ஆண்டவர் சாட்சியா சொன்னியாமேப்பா."

வெளியே பையன்கள் கோப்பை தங்கிய சந்தோஷத்தில் தார்ப் பீப்பாயைக் கொளுத்தி அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் டீ ஊற்றி அவன் முன் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இன்று எதுவும் கேட்கவில்லை.

அவனே ஆரம்பித்தான். "பூட்ஸ் அவனுக்குப் பெரிசும்மா. ஓடுறப்ப ஒண்ணு கழண்டு..."

"ஆமாப்பா," என்றாள் அம்மா, கதை சொல்லும் குழந்தைக்குத் தலையாட்டுவதுபோல. "ஆமா."

ஜன்னலில் தீயின் சிவப்பு ஏறி இறங்கியது. டீ ஆறிக்கொண்டிருந்தது.