சாயத்தின் மேல் பழி

காலை வெயில் மேசையில் விழும் நேரத்தில் நுண்ணோக்கிக்குள் குனிந்துவிட்டால், அந்த ரத்தப் பரிசோதனைக்காரிக்கு உலகமே மறந்துபோகும். கண்ணாடிச் சில்லில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாய் அணுக்கள் மிதக்கும். அவளும் கூடவே மிதப்பாள். இடி விழுந்தாலும் காதில் ஏறாது.

திங்கட்கிழமைதோறும், அணுக்களுக்கு நிறமேற்றப் புதுச் சாயம் கலக்குவாள். சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, நோயில்லாத ஒருவரின் ரத்தம் ஒரு சொட்டு வேண்டும். அதற்கென்றே வாய்த்தவன் அவள் தம்பி. அதே மருத்துவமனையில் வண்டி ஓட்டுகிறான். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு.

“குத்துக்கா, சுத்தமான சரக்கு!” என்று விரலை நீட்டுவான்.

அந்தத் திங்களன்று சில்லில் பெரிய பெரிய ஊதா அணுக்கள் கும்பல் கும்பலாகத் தெரிந்தன. எல்லாம் முதிராதவை. பார்க்க அழகாகக்கூட இருந்தன, பாவிகள்! வேறு யாருடைய ரத்தமாக இருந்தாலும் அடுத்த நிமிடமே மருத்துவரிடம் ஓடியிருப்பாள். தம்பியின் ரத்தம் ஆயிற்றே! சாயம்தான் பாழ் என்று குப்பியோடு கொட்டினாள். விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். மிச்சமிருந்த பழைய சாயத்தில் அந்த வாரத்தை ஓட்டினாள்.

அடுத்த திங்கள், வேறு சாயம். அதே கும்பல். தன் விரலையும் குத்தி, தன் ரத்தத்துக்கும் அதே சாயத்தை ஏற்றிப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு சில்லையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடினாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் தண்ணீருக்கடியில் நடந்தது போல் இருந்தது. தம்பியின் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். என்ன வகை என்று அறிய இன்னும் சில பரிசோதனைகள். கடைசியில் மருத்துவர் இருவரையும் உட்காரவைத்தார்.

“ரத்தப் புற்றுநோய்தான். ரத்தம் ஊறுறது எலும்புக்குள்ள. அங்க வளராத அணுக்கள் இடத்தைப் பிடிச்சுக்கிட்டு நல்லதை வளரவிடல. அதான் இந்தச் சோர்வு, உடம்பெல்லாம் கன்னிப்போயிருக்கறது. நாலு வாரம் மருந்து ஏத்திட்டு மறுபடி மஜ்ஜையைப் பாக்கலாம். அந்த அணுக்கள் நூத்துக்கு அஞ்சுக்குக் கீழ வந்துட்டா முதல் படி தாண்டின மாதிரி.”

நாலு வாரம். முடி கொட்டியது, வாயெல்லாம் புண், காய்ச்சல் வந்து வந்து போனது. முகமூடி போட்டுக்கொண்டு அவன் பக்கத்திலேயே கிடந்தாள். சன்னலுக்கு வெளியே பகலெல்லாம் மேகங்கள் நகர்ந்தன. கண்ணை மூடினால் ஊதா அணுக்கள். வீணாய்ப் போன அந்த ஏழு நாள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. இவன் பிழைக்காவிட்டால் நான்தான் கொன்றேன் என்றே நினைத்தாள்.

முடிவு வந்தது. நூற்றுக்கு இரண்டு. இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் மருந்து உண்டு, ஆனால் முதல் படி தாண்டியாயிற்று.

அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“முதல் திங்களே பாத்துட்டேன்டா. சாயம் கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டேன். ஒரு வாரம் உன்னைச் சும்மா விட்டுட்டேன்டா!”

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்க்கா. மாடி ஏறினா மூச்சு வாங்கும். காலெல்லாம் நீலம். நீயா கண்டுபிடிப்பேன்னுதான் அந்த ரெண்டு திங்களும் வந்து நின்னேன்.”

“வாயைத் தொறந்து சொல்றதுக்கென்னடா, கழுதை!”

“சொன்னா நிஜமாயிடுமோன்னு பயமா இருந்துச்சு.”

அவளும் அந்தப் பயத்தில்தானே குப்பியோடு கொட்டினாள்! அவன் மொட்டைத் தலையைக் கட்டிக்கொண்டு, செவிலி ஓடிவந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு, வாய்விட்டு அழுதாள்.