பெரியவருக்குத் தோற்கத் தெரியாது

பெரியவர் என்றால் நாலு காலும் ஒரு வாலும் உள்ளவர். கன்னங்கரேல் என்ற நிறம், நெற்றியில் பாக்கு அளவுக்கு ஒரு வெள்ளை. பந்தயத்தில் ஓடிய காலத்தில் செய்தித்தாள்கள் அவருக்கு என்னென்னவோ பட்டங்கள் கொடுத்தன. லாயத்தில் மட்டும் முதலிலிருந்தே பெரியவர்தான். சின்னக் குட்டியாக வந்த அன்றைக்கே தீவனத் தொட்டியில் எல்லாருக்கும் முன்னால் வாயை வைத்துவிட்டு, மற்ற குதிரைகளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாராம். அந்தப் பார்வைக்குக் கிடைத்த மரியாதை அது.

அவரைக் கவனித்துக்கொள்ளும் குதிரைக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. பெரியவர் கடைசியாக ஓடிய பந்தயத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான். வளைவில் இன்னொரு குதிரை இடித்து, பெரியவரின் முன்னங்கால்கள் மடங்கி, முகம் மண்ணைத் தொட்டு எழுந்தது. மற்ற குதிரைகளெல்லாம் தாண்டிப் போய்விட்டன. அதற்கப்புறம் நடந்ததைக் குதிரைக்காரர் வேலியோரம் நின்று கண்ணால் பார்த்தார். ஆனால் கேமராக்கள் முன்னால் போன குதிரைகளின் பின்னாலேயே போய்விட்டன. கடைசியில் எங்கிருந்தோ ஒரு கருப்பு மூக்கு நீண்டு வந்து ஜெயித்தது மட்டும்தான் படத்தில் இருக்கிறது. முடி வெட்டும் கடைகளில் இன்றைக்கும் தொங்கும் போட்டோ அதுதான். அந்த மூக்கு எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று அதில் இல்லை.

அன்றைக்குப் பெரியவர்மேல் உட்கார்ந்திருந்தது குதிரைக்காரரின் மச்சான், மனைவியின் தம்பி. கேட்டால், "நான் எங்க ஓட்டினேன், மாமா? ஒட்டிக்கிட்டிருந்தேன்" என்பான்.

அதனால்தான் சினிமாக்காரர்கள் வந்து கேட்டபோது, முதலாளி யோசித்து முடிப்பதற்குள் குதிரைக்காரர் தலையாட்டிவிட்டார். நல்ல கேமரா, பெரிய திரை. பெரியவர் ஓடுவதை உலகம் ஒரு தடவையாவது பார்க்கட்டும். கதையை அப்புறம்தான் சொன்னார்கள். கருப்புக் குதிரை வில்லனுடையது. கதாநாயகனின் வெள்ளைக்குதிரையிடம் அது கடைசி நொடியில் தோற்க வேண்டும்.

படப்பிடிப்பு அன்று இரண்டு முறை ஓடினார்கள். இரண்டு முறையும் பெரியவர் ஜெயித்துத் தொலைத்தார். டைரக்டர் "கட்" என்று கத்திய பிறகும் நிற்காமல் மைதானத்தின் மறுகோடி வரைக்கும் ஓடி, வேலி குறுக்கே வந்ததால் மட்டும் நின்றார்.

மச்சான் தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தான். "என் கை ரெண்டும் முழங்காலுக்கு வந்துருச்சு மாமா. அக்காகிட்ட சொல்லிப் புதுச் சட்டை தைக்கச் சொல்லுங்க."

"நீ கடிவாளத்த இழுத்தியா, தடவிக் குடுத்தியா மாப்ள?"

"இழுத்தேன். இழுக்க இழுக்க, ஓகோ பக்கத்துல ஆள் வருதான்னு இன்னும் பறக்கறார்."

குதிரைக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். உள்ளுக்குள் என்னவோ குளுகுளுவென்றிருந்தது. ஆனால் குனிந்து பெரியவரின் வலது முன்னங்காலைத் தொட்டதும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. அவரை ஓய்வுக்கு அனுப்பிய கால் அது. தசைநார் வீங்கி ஆறியிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று ஓட்டம், அதற்கு மேல் கூடாது என்று மருத்துவர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். இன்னும் ஒன்றுதான் பாக்கி. மைதானமோ சாயங்காலம் வரைக்கும்தான் கிடைக்கும்.

டைரக்டர் சாதுவான மனிதர். கவிழ்த்துவைத்த வாளியின்மேல் வந்து உட்கார்ந்தார். "இவருக்குத் தோக்கவே தெரியாதா?"

"வீட்ல யாரும் சொல்லித் தரல சார்."

"இந்தத் தடவையும் சரியா வரலைன்னா வேற வழியில்லங்க. அங்க ஒரு கருப்புக் குதிரை ரெடியா நிக்குது. நெத்தியில வெள்ளை அடிச்சுக்கறோம்."

குதிரைக்காரர் அந்தப் பக்கம் பார்த்தார். பாவம், நல்ல குதிரைதான். ஆனால் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. பெரியவரின் ஓட்டத்தை அது ஓடி, அதையா பெரியவரின் பெயரில் ஊர் பார்க்கப் போகிறது?

"முள்ளுக் கடிவாளம் போட்டுப் பாக்கலாமா மாமா? இழுத்தா நிப்பார்."

"உன் வாயில போட்டா நீயும்தான் நிப்ப."

மச்சான் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தான். "இல்ல, கேக்கறேன், கட் சொன்னப்புறமும் அவ்ளோ தூரம் எங்கதான் போறார்? பந்தயம் முடிஞ்சு போச்சே. ரெண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடறார் வேற."

குதிரைக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். "சார், ஜெயிக்கற இடத்துல கம்பம் எங்க?"

"அதை அப்புறம் கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்னு விட்டுட்டோம். ஏன்?"

குதிரைக்காரர் தன் தலையில் தானே ஒரு தட்டு தட்டிக்கொண்டார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் இது தோன்றவில்லையே! சிவப்பும் வெள்ளையும் கலந்த அந்தக் கம்பத்தைத் தாண்டும் வரைக்கும் பெரியவருக்குப் பந்தயம் முடியாது. தாண்டிவிட்டால் அப்புறம் யார் முந்தினாலும் அவருக்குக் கவலையில்லை. கம்பமே இல்லாத மைதானத்தில், மனிதர் எங்கேதான் நிற்பார்?

"ஒரு கம்பம் நடுங்க சார். ஆனா நீங்க ஜெயிக்கணும்னு வெச்சிருக்கற கோட்டுல வேண்டாம். இங்கிட்டு, நல்லா முன்னாடியே. வளைவுலேருந்து அது வரைக்கும் முழுசாப் படம் எடுத்துக்கங்க. கம்பத்த மட்டும் கம்ப்யூட்டர்ல அழிச்சிடுங்க."

டைரக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு வாளி உருள எழுந்து ஓடினார். குடைக்கம்பம் ஒன்றில் சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியும் சுற்றி நட்டார்கள். பெரியவரின் காதுகள் விறைத்துக்கொண்டு நிமிர்ந்தன. கம்பத்தைப் பார்த்து ஒரு கனைப்புக் கனைத்தார்.

"இப்பத்தான் அவருக்கு மரியாதை குடுத்திருக்கோம்" என்றான் மச்சான், மேலே ஏறிக்கொண்டே.

ஓட்டம் தொடங்கியது. வளைவில் வெள்ளைக்குதிரை முன்னால் இருந்தது. மச்சான் இந்த முறை கடிவாளத்தை இழுக்கவே இல்லை, பழையபடி ஒட்டிக்கொண்டான். பெரியவரின் கழுத்து தாழ்ந்தது. காதுகள் படிந்தன. பக்கத்தில் வந்ததும் வெள்ளைக்குதிரையின் கண்ணுக்குள் ஒரு பார்வை பார்த்தார், தீவனத் தொட்டிப் பார்வை. அப்புறம் வயதையும் காலையும் எங்கோ இறக்கி வைத்துவிட்டு வந்தவர்போல நீண்டார். குளம்புச் சத்தம் குதிரைக்காரரின் நெஞ்சுக்குள் கேட்டது. கம்பத்தை ஒரு குதிரை நீளம் முன்னால் தாண்டினார்.

தாண்டியதும் காதுகள் எழுந்தன. நடை தளர்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, வேடிக்கை பார்க்கிறவர்போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனார். வெள்ளைக்குதிரை விழுந்தடித்து வந்து, டைரக்டரின் கோட்டை ஒரு தலை முன்னால் கடந்தது.

டைரக்டர் துள்ளிக் குதித்தார். குதிரைக்காரர் ஓடிப்போய் முதலில் காலைத் தொட்டுப் பார்த்தார். வீக்கம் இல்லை. பிறகுதான் டைரக்டர் அவரைக் கூப்பிட்டு, சின்னத் திரையில் எடுத்ததைப் போட்டுக் காட்டினார். வளைவிலிருந்து கம்பம் வரைக்கும், விரிந்த மூக்கு, தெறிக்கும் மண், அந்தப் பார்வை, எல்லாம் அதில் இருந்தன. வேலியோரம் நின்று தான் மட்டும் பார்த்தது இப்போது எல்லாருக்குமாக அங்கே ஓடிக்கொண்டிருந்தது. குதிரைக்காரர் மறுபடியும் போடச் சொன்னார். அதற்கப்புறம் இன்னொரு தடவை.

"மாமா!" மச்சான் தூரத்திலிருந்து கத்தினான். "இவர் நகர மாட்டேங்கறார். ஜெயிச்சா போட்டோ எடுப்பாங்கல்ல, அதுக்கு நிக்கறார்!"

பெரியவர் பக்கவாட்டில் திரும்பி, தலையை உயர்த்தி, அசையாமல் நின்றிருந்தார். குதிரைக்காரர் படப்பிடிப்புக்கு வந்திருந்த போட்டோக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

"தோத்த குதிரைக்கு எதுக்குங்க போட்டோ?" என்று பின்னாலிருந்து சிரித்தார் டைரக்டர்.

"மெதுவாப் பேசுங்க சார்" என்றார் குதிரைக்காரர். "அவர் காதுல விழுந்துடப் போகுது."