பிரதம விருந்தினருக்கு ஒரு பாட்டு

ஆனந்தராஜா அண்ணையைச் சும்மா விடுவதில்லை என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலையில். வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, அவித்து, பொதி செய்யும் பகுதியில் பதினாறு வருடமாக நிற்கிறேன். கையில் கத்தரிக்கோல், மனதில் அந்த மனிதர். இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பது நல்லதல்ல என்று எனக்கே பட்டது.

முதலில் நான் செய்த குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓபராப் பாட்டு பிடிக்கும். ஐம்பத்திரண்டு வயதில், நிரஞ்சினி என்று பெயர் வைத்துக்கொண்டு, உனக்கு எங்கிருந்து இந்த நோய் வந்தது என்றுதான் எங்கள் ஆட்கள் கேட்பார்கள். கழித்துவிட வேண்டிய கார் ஒன்றிலிருந்து வந்தது. அதன் ரேடியோவில் குமிழ் உடைந்து ஒரே நிலையத்தில் இறுகிப்போயிருந்தது. முதல் மாதம் தலையிடித்தது. இரண்டாம் மாதம், வேலைக்குப் போகும் வழியில், ஒரு பெண் பாடினாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் யாரோ ஒருவன் அவளை நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுத்திவிட்டான், அவனை அவள் விடப்போவதில்லை என்பது மட்டும் நன்றாக விளங்கியது. பச்சை விளக்கு விழுந்தும் காரை எடுக்காமல் இருந்தேன். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தே களைத்துப்போனான்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அதுதான். வெங்காயம் வெட்டும்போது கேட்பேன். உடுப்பு மடிக்கும்போது கூடப் பாடுவேன். இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, குசினியில் அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்தேன். அவர்களும் எங்கள் பேச்சைப்போல அநேகமான சொற்களை இழுத்து உயிரெழுத்தில்தான் முடிக்கிறார்கள், வாய்க்குச் சுகமாக இருந்தது. என் கணவர் ஞானசேகரம் நல்ல மனிதர். நான் உச்சத்துக்குப் போகும்போது தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார், அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, ஹோம்புஷ் கடைத்தெருவில் காரை நிறுத்திவிட்டு, அந்தக் கோபக்காரியின் பாட்டு ரேடியோவில் முடியட்டும் என்று உள்ளே இருந்து கூடப் பாடிக்கொண்டிருந்தேன். கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது. என் குரலை அடைக்க அது காணாது. ஆனந்தராஜா அண்ணை மரக்கறிப் பையோடு பின்னால் நின்று, இருபது வினாடி படம் பிடித்து, எங்கள் பழைய மாணவர் சங்க வாட்சப் குழுவில் போட்டார். அவர்தான் சங்கத் தலைவர். குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கார் இலக்கத் தகடு தெளிவாகத் தெரிந்தது. கீழே எழுதியிருந்தார்: 'ஒரு கார் அலாம் நிப்பாட்டாமல் அடிக்குது. ஆற்ற கார் எண்டு பாத்து ஓஃப் பண்ணுங்கோ.'

சிரிப்புப் படங்கள் மழையாகக் கொட்டின. என் சொந்த மச்சாள் மூன்று போட்டாள்.

அதோடு விட்டாரா? தீபாவளி இராப்போசனத்தில் நான் மண்டபத்துக்குள் காலை வைக்கிறேன், மேடையில் ஒலிவாங்கியோடு நின்றவர் சொல்கிறார்: "நிரஞ்சினி வந்திட்டா. எல்லாரும் கார் பூட்டியாச்சோ எண்டு ஒருக்காப் பாருங்கோ!" மண்டபம் குலுங்கியது. நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை, நானும் சேர்ந்து சிரித்தேன். விருந்து முடிந்து வெளியே வந்தபோது அவரிடம் நேரே கேட்டேன்.

"அண்ணை, அந்த வீடியோவை அழிச்சுவிடுங்கோ."

"பகிடிக்குத்தானே, பிள்ளை! இதையெல்லாம் போய்ப் பெரிசா எடுக்கிறதே?"

மூன்று கிழமை நான் பாடவில்லை. ரேடியோவையும் போடவில்லை. ஒரு நாள் ஞானசேகரம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "என்னப்பா, வீடு செத்தவீடு மாதிரிக் கிடக்குது," என்றார். அடுத்த நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நினைத்தேன்: அந்த மனிதர் என் பாட்டை முழுதாகக் கேட்க வேண்டும். சிரிக்க இடமில்லாமல் கேட்க வேண்டும். கேட்டு அவியவேண்டும்.

நூலகத்து அறிவித்தல் பலகையில் ஓர் ஓபராக் குழுவின் விளம்பரத் துண்டு ஒட்டியிருந்தது. எல்லோரும் என்னைப்போலப் பொழுதுபோக்குக்குப் பாடுகிறவர்கள். ஒரு பல் வைத்தியர், இரண்டு வங்கி ஆட்கள், ஒரு பஸ் சாரதி. நடத்துபவள் மார்கிரட், கதைக்கும்போதே கையால் தாளம் அடிக்கிற மனுசி. நான் பாடி முடித்ததும் ஒரு சொல்தான் சொன்னாள்: மறுபடியும். எட்டு மாதம், ஒவ்வொரு திங்கள் மாலையும், அதே சொல். எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கோபக்காரியின் பாட்டுத்தான். எங்கே மூச்செடுக்க வேண்டும், எங்கே குரலை நெஞ்சுக்குள் இறக்க வேண்டும் என்று மார்கிரட் காட்டினாள். எங்கே ஆனந்தராஜாவின் முகத்தை நினைக்க வேண்டும் என்பதை நானே கண்டுபிடித்தேன்.

நிகழ்ச்சிக்கு நாள் குறித்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. மார்கிரட்டிடம் ஒரு சட்டம் உண்டு. மூன்று என்றால் மூன்று, கதவு சாத்தினால் இடைவேளைக்குத்தான் திறக்கும். அவளுடைய சொந்தத் தமக்கையே ஒருமுறை வெளியே இருந்திருக்கிறாள். இதைக் கேட்டதும் என் மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

எங்கள் ஆட்களின் நேரம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அழைப்புக் கார்டில் ஐந்து மணி என்று அடித்தால் ஆறுக்கு வருவார்கள், ஆறுக்குத் தொடங்க நினைப்பவர்கள் ஐந்து என்று அடிப்பார்கள். பிரதம விருந்தினராகக் கூப்பிடப்பட்டவர் இன்னும் பிந்துவார். எல்லோரும் இருந்த பிறகு அவர் நுழையவேண்டும், எல்லோரும் எழும்பவேண்டும். ஆனந்தராஜா அண்ணை இந்தக் கலையில் பழுத்தவர். அரங்கேற்றம் ஒன்றில் அவர் வரும்வரை குத்துவிளக்கு முக்கால் மணித்தியாலம் கொளுத்தாமல் நின்றது.

நான் இரண்டு வகைக் கார்ட் அடித்தேன். எங்கள் ஆட்கள் நாற்பது பேருக்கும் போனதில் இரண்டு மணி. ஆனந்தராஜா அண்ணைக்குப் போனதில் மூன்று மணி.

முறைப்படி வீட்டுக்கே போய், அவர் கையிலும் அவருடைய மனைவி நாகேஸ்வரி அக்கா கையிலும் கொடுத்தேன்.

"அண்ணை, நீங்கள்தான் எனக்குப் பிரதம விருந்தினர். முன்வரிசையில ரெண்டு கதிரை போட்டு வைப்பன்."

மார்கிரட்டுக்கு அப்படியொரு பதவி உலகத்தில் இருப்பதே தெரியாது. ஆனால் நான் சொன்னதில் பொய் என்ன? எனக்கு அவர்தான் பிரதம விருந்தினர்.

அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்வதுபோலக் கழுத்தைத் தடவினார். "ஓ, பேச்சும் இருக்கோ?"

"சரியா மூண்டு மணிக்குத் தொடங்குவினம், அண்ணை. கதவு சாத்திப்போடுவினம். நேரத்துக்கு வாங்கோ."

"பிரதம விருந்தினர் வராமல் ஆர் தொடங்கிறது?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

நாகேஸ்வரி அக்கா கார்டை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "நாங்கள் நேரத்தோட வெளிக்கிடுவம்," என்றார். அவரை யார் கேட்டார்கள்?

காருக்குள் ஞானசேகரம் மெதுவாகச் சொன்னார்: "வேண்டாமப்பா. மனிசன் வெளியில நிண்டால் சங்கம் முழுக்கக் கதைக்கும்."

"கதைக்கட்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கதைக்கட்டும்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் இரண்டு மணிக்கு அழைக்கப்பட்டு, தங்கள் வழக்கப்படி இரண்டு ஐம்பதுக்கு வந்து இருந்தார்கள். இடைவேளையில் ரோல்ஸும் வடையும் உண்டு என்று சொல்லியிருந்தேன், ஒருவரும் தவறவில்லை. மச்சாளும் வந்தாள். மூன்று அடித்தது. மார்கிரட் தலையசைத்தாள். கதவு சாத்தப்பட்டது. முன்வரிசையில் இரண்டு கதிரைகள் வெறுமையாக இருந்தன. திரைக்குப் பின்னால் நின்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். வாரும் ஐயா, வாரும். வந்து கதவைப் பாரும்.

முதல் பாதியின் கடைசிப் பாட்டு என்னுடையது. மேடைக்குப் போனேன். பியானோ தொடங்கியது. எட்டு மாதம் பழகிய முதல் வரியை எடுத்தபோது, கண் தானாகவே முன்வரிசைக்குப் போனது. கதிரை. வெறும் கதிரை. ஒரு சிவப்புத் துணி இருக்கை, ஒரு சாய்மானம். அதைப் பார்த்து எப்படிக் கோபிப்பது? குரல் ஒழுங்காகப் போனது, மூச்சு இடையில் அறவில்லை, உச்சத்தைப் பிடித்தேன், ஒரு பிசகும் இல்லை. சனம் எழும்பி நின்று கை தட்டியது. மச்சாள் கண்ணைத் துடைத்தாள். எனக்கோ கோபம் ஒரு துளியும் இறங்கவில்லை.

அடி விசரி, என்ன வேலை பார்த்தாய்? இத்தனை மாதமும் அந்த ஒரு காதுக்காகத்தானே தொண்டை கிழியப் பாடினாய்? அந்தக் காதையே கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டாயே!

இடைவேளைக்குக் கதவு திறந்தது. முன்மண்டபத்தில், ரோல்ஸ் மேசைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கதிரையில் ஆனந்தராஜா அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருந்தார். முகம் கறுத்திருந்தது. மூன்று நாற்பதுக்கு வந்தாராம். வாசலில் காவல் நின்ற எங்கள் குழுவின் பஸ் சாரதி உள்ளே விடவில்லையாம். என்னைக் கண்டதும் பாய்ந்தார்.

"என்ன பிள்ளை இது? கூப்பிட்டுப்போட்டு வெளியில இருத்திறதோ? நான் ஆர் எண்டு அந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியுமோ?"

"மூண்டு மணியெண்டு கையில தந்தனான், அண்ணை."

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் நாகேஸ்வரி அக்கா. "இந்த மனிசன்தான் ரெண்டாந்தரமும் முகத்தைச் சேவ் எடுத்தது."

எங்கள் ஆட்கள் தட்டுகளோடு சுற்றி வந்துவிட்டார்கள். சிலருக்குச் சிரிப்பு முட்டியது. இந்தக் காட்சிக்காகத்தானே கார்ட் அடித்தேன், இத்தோடு நிற்கலாம். ஞானசேகரம் தூரத்திலிருந்து தலையை ஆட்டினார், போதும் என்பதுபோல.

போதாது.

"பிழைதான், அண்ணை," என்றேன். "பிரதம விருந்தினர் கேக்காமல் போகக் கூடாது. இருங்கோ."

"இப்ப என்ன?"

"இருங்கோ எண்டன்."

இருந்தார். நான் இரண்டு முழம் தள்ளி நின்று, மூச்சை இழுத்து, பியானோ இல்லாமல் தொடங்கினேன். இந்த முறை கண்ணுக்கு முன்னால் முகம் இருந்தது. முதல் வரிக்கே அந்தப் பகிடிச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு, கூடச் சிரிக்க யாராவது அகப்படுவார்களா என்று வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சாள் ரோல்ஸைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து மார்கிரட்டும் வந்து கதவடியில் நின்றாள். ஒவ்வொரு சொல்லையும் அவர் நெற்றிக்கு நேரே விட்டேன். இது தீபாவளிக்கு. இது அந்த இலக்கத் தகடுக்கு. இது நானும் சேர்ந்து சிரித்ததற்கு. சிரிப்பு அவர் முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு போய்விட்டது. காது சிவந்தது. கண்ணை நிலத்துக்கு இறக்கினார்.

நான் உச்சத்துக்கு ஏறும்போது கதிரையின் கைப்பிடியைப் பிடித்து அரைவாசி எழும்பினார். நாகேஸ்வரி அக்கா அவருடைய கோட்டைப் பிடித்து ஒரே இழுவையாய்க் கீழே இழுத்தார்.

"இருங்கோ," என்றார். "அவ இன்னும் முடிக்கேல்ல."

முடிக்கவில்லைத்தான். பாட்டில் இன்னும் இரண்டு பக்கம் இருந்தது.