டீச்சரின் மூக்கு

எனக்குக் கோபம் வரும். யோகா டீச்சருக்குக் கோபம் வரலாமா என்று கேட்கிறவர்கள், குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்கு என் வகுப்புக்கு வந்து பார்க்கட்டும். பதினெட்டுப் பேர், முப்பத்தாறு சாக்ஸ். தரை சில்லிடுகிறது, கழற்றவே மாட்டோம் என்று அடம். சரி, போட்டுத் தொலையுங்கள், துவைத்தாவது போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணீர்தான் வற்றியது. துவைக்காத சாக்ஸ் மாடிப்படி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிடும். "யாரு அது? வெளியே போய்க் காலைக் கழுவிட்டு வாங்க!" கத்தினாலும் மரியாதையோடுதான் கத்துவேன். பத்துக்கு ஒன்பது தடவை அது டிரைவர் அண்ணன்தான். பஸ் ஓட்டுகிறவர், மதியம் டூட்டி. சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்க் கழுவிக்கொண்டு வருவார்.

என் வகுப்பே மூக்கால் நடக்கிற வகுப்பு. குளிரில் எழுந்து வந்தவர்களுக்கு உடம்பு இங்கே இருக்கும், மனசு இன்னும் போர்வைக்குள் கிடக்கும். அதனால் முதலில் ஆரஞ்சும் கிராம்பும். டிஃப்யூசர் மெஷினில் தண்ணீர் ஊற்றி எண்ணெய்களைச் சொட்டுச் சொட்டாக விட்டால், புகை மாதிரி கிளம்பி ஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும். தோள்கள் தானாக இறங்கும். மூச்சுப்பயிற்சிக்கு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் ஒரே ஒரு சொட்டு யூகலிப்டஸ். கடைசியில் எல்லாரும் சவாசனத்தில் படுக்கும்போது லாவெண்டர். நான் சொட்டு எண்ணியதே இல்லை. காற்றை ஒரு தரம் முகர்ந்து பார்ப்பேன், இன்னும் கொஞ்சமா போதுமா என்று மூக்கே சொல்லிவிடும்.

அந்த மூக்குதான் போயே போய்விட்டது. குளிர் ஆரம்பிக்கும் முன்னால் ஒரு வாரம் காய்ச்சல். எழுந்து காபி குடித்தால் வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. டாக்டர் கையை விரித்தார். "வரலாம், வராமலும் போகலாம்."

என் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் வழி சொன்னாள். "எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், லாவெண்டர். நாலு பாட்டில். காலையும் சாயங்காலமும் ஒவ்வொண்ணையும் இருபது செகண்ட் முகர்ந்து பாரு. அந்த வாசனை எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிட்டே முகரணும். மாசக்கணக்காகும்டி, அவசரப்படாதே." குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் தெரியாமல் முகர்ந்தேன். வகுப்பில் யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பயம்தான், வேறென்ன? இருபது வருஷம் வாசனையை வைத்தே பேர் வாங்கியவள். மூக்கு இல்லையென்றால் நான் யார்?

போன வருஷ ஞாபகத்தில் குத்துமதிப்பாகச் சொட்டுகளை எண்ணி விட்டு ஓட்டினேன். அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது வேறு ஒன்றை.

"டீச்சர், இந்த வருஷம் உங்க முகத்துல ஒரு சாந்தம் தெரியுது," என்றார் தையல்காரம்மா. ஹாலுக்குக் கீழே கடை வைத்திருப்பவர். "ஒரு தடவைகூட நீங்க கத்தல."

"தியானம் முத்திப்போச்சு," என்றார் டிரைவர் அண்ணன், பயபக்தியோடு.

அடப்பாவிகளா! நாற்றம் தெரிந்தால்தானே கத்துவேன்? ஆனால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. எப்படி டீச்சர் கோபத்தை விட்டீங்க என்று கேட்டபோது, வெட்கமே இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு, "எல்லாம் பயிற்சிதான்," என்றேன். அன்றிலிருந்து என் முன்னால் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள்.

இந்த நாடகம் ஆறு வாரம் ஓடியது. எண்ணெய் வழிந்தால் பாட்டில் லேபிளில் இருக்கும் எழுத்து கரைந்துவிடும். முன்பெல்லாம் எனக்கு அது ஒரு விஷயமே இல்லை, மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும். ஒரு நாள் சவாசன நேரத்தில் எழுத்தழிந்த பாட்டில் இரண்டு என் பையில் இருந்தன. லாவெண்டர் என்று நினைத்து ஒன்றை எடுத்துப் பத்துச் சொட்டு விட்டேன்.

"உடம்பு கனமாகுது... கண்கள் ஓய்வெடுக்குது..." என்று குழைந்துகொண்டிருந்தேன். ஒரு தும்மல். இன்னொன்று. அப்புறம் வரிசையாக. படுத்த இரண்டாவது நிமிஷம் குறட்டை விடுகிற டிரைவர் அண்ணன் விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். "டீச்சர், கண்ணு எரியுது!" தையல்காரம்மா ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தார். நடுவில் நான் மட்டும் புன்னகையோடு, "ஆழ்ந்த அமைதி..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தையல்காரம்மா அந்தப் பாட்டிலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது என்ன எண்ணெய், சொல்லுங்க."

"லாவெண்டர்."

"பெப்பர்மின்ட் டீச்சர்." என் முகத்தையே பார்த்தார். "உங்களுக்கு மூக்கு வேலை செய்யலையா?"

உடைந்துவிட்டேன். பதினெட்டுப் பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். "சாந்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாத்தம் தெரியல, அதான் கத்தல. வேற நல்ல டீச்சரா பாத்துக்கோங்க."

 டிரைவர் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அப்போ நாங்க இத்தனை நாளா கும்பிட்டது காய்ச்சலையா?" யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

மறுநாள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள். தையல்காரம்மா காற்றை முகர்ந்து, "இன்னும் ரெண்டு சொட்டு" என்பார், நான் விடுவேன். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து என்னோடு நாலு பாட்டிலையும் முகர்ந்தார்கள். கிராம்பு வந்தால் டிரைவர் அண்ணனுக்குப் பழைய பல்வலி ஞாபகம் வரும், கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். "ஏதாவது தெரியுதா டீச்சர்?" "இல்ல." "நாளைக்குப் பாப்போம்." எத்தனை நாளைக்கு? ஒரு நாள் எனக்கே வெறுத்துப்போனது.

"மத்தவங்க மூக்கை வச்சு நான் எவ்வளவு காலம் ஓட்டறது? குளிர் முடியறதுக்குள்ள வரலேன்னா வகுப்பை மூடிடறேன்," என்றேன்.  டிரைவர் அண்ணன் ஏதோ யோசனையாகத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

குளிரின் கடைசி வாரம். மூச்சுப்பயிற்சி. கண்ணை மூடி, ஒரு பக்க மூக்கை அடைத்து, மறுபக்கம் மெதுவாக இழுத்தேன். ஏதோ வந்தது. பிரமை என்று விட்டுவிட்டு மறுபடி இழுத்தேன். புளித்து, புழுங்கி, மூட்டைக்குள் ஈரத்துணி கிடந்தது மாதிரி ஒன்று என் மண்டைக்குள் ஏறியது.

"யாரோட சாக்ஸ் அது?"

கத்திய பிறகுதான் கத்தியது எனக்கே தெரிந்தது. 

"டீச்சர்," என்றார் தையல்காரம்மா. "இப்ப என்ன சொன்னீங்க?"

"நாறுது!" என்றேன். "ஐயோ, நாறுதுங்க! தாங்க முடியல, அப்படி நாறுது!"

ஹால் அதிர்ந்தது. டிரைவர் அண்ணன் ஒற்றைக்காலில் தள்ளாடி ஒரு சாக்ஸைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "என்னோடதுதான் டீச்சர்! பதினோரு நாள், சொட்டுத் தண்ணி படல! டூட்டிக்கு வேற, இது உங்களுக்குன்னே தனி. வீட்டுக்குள்ள கொண்டு வந்தா நானும் சேர்ந்து வெளியேதான்னு என் பொண்டாட்டி சொல்லிட்டா, வாசலுக்கு வெளியேதான் வச்சிருந்தேன்!"

யாரோ எலுமிச்சைப் பாட்டிலை என் கையில் திணித்தார்கள். முகர்ந்தேன். எங்கேயோ தூரத்தில் இருந்தது, ஆனால் எலுமிச்சையேதான். கிராம்பு தெரிந்தது. யூகலிப்டஸ் தெரிந்தது. லாவெண்டர் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு, இழை மாதிரி வந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. இவ்வளவு சந்தோஷமாக நான் வாழ்க்கையில் அழுததில்லை.

"உங்க எல்லாருக்கும் இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன," என்றார் தையல்காரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பதினோரு நாளா மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் மூச்சுப்பயிற்சி பண்றோம்."

ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன்.  கையை நீட்டி மாடிப்படியைக் காட்டினேன்.

"அண்ணா, வெளியே போய்க் காலைக் கழுவிட்டு வாங்க!"

பதினெட்டுப் பேரும் கைதட்டினார்கள். டிரைவர் அண்ணன் சாக்ஸைக் கையில் பிடித்தபடி படிகளில் தடதடவென்று இறங்கினார். கீழே தெருவில் போகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வது மேலே வரைக்கும் கேட்டது.

"டீச்சர் என்னைத் திட்டிட்டாங்க! டீச்சர் என்னைத் திட்டிட்டாங்க!"