ஏழு லிட்டர்

பம்புக்காரர் குழாயை மாட்டிய பிறகும் குணசேகரன் விடவில்லை. வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டினான். டேங்க்குக்குள் தங்கியிருந்த காற்று குபுக்கென்று வெளியே வந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. கழுத்து வரைக்கும் நிக்கோணும். அப்பறம் எம் பொண்டாட்டி அளவு தப்புன்னு சொல்லுவா."

பிரபாவதி சிரிக்கவில்லை. கோயமுத்தூர் மில் முதலாளி ஒருவர் ஏழு வருஷம் ஓட்டிவிட்டுத் தள்ளிவிட்ட வெளிநாட்டு வண்டி அது. மூன்றரை லட்சம் என்றிருந்தார் புரோக்கர். மலைமேல் இருக்கும் வாசலூர்பட்டிக்குப் படகு சவாரி போகும் டவுன்காரர்களை இதில் ஏற்றினால், பழைய ஜீப்பில் கிடைப்பதைப் போல நாலு மடங்கு வாடகை வரும் என்று குணசேகரன் தூக்கத்தில்கூடப் பேசினான். பணத்துக்கு இருந்த ஒரே வழி, அவளுடைய அப்பா பொங்கியண்ணன் அவள் பேருக்கு எழுதிவைத்த கிணற்றடி நிலம். வாங்குவதோடு முடிகிற செலவா இது என்பதுதான் அவள் கேள்வி. டயர் ஒன்று ஒன்பதாயிரம். பிரேக் கட்டை வேண்டுமென்றால் சென்னைக்குச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் வீட்டில் இதே சண்டை. கடைசியில் அவளே ஒரு எல்லை போட்டாள். அடிவாரத்திலிருந்து வாசலூர்பட்டி போய்த் திரும்ப ஏழு லிட்டர் டீசல். அதற்குள் முடிந்தால் நிலத்தை விற்கக் கையெழுத்துப் போடுவாள். ஏழைத் தாண்டினால் வண்டி புரோக்கரிடம் திரும்பிப் போகும். ஏழில் முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் ஏழு என்றாள்.

வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்த மெக்கானிக் அர்த்தனாரி பானட்டை மூடிவிட்டு வந்தார்.

"அண்ணா, ஜீப்ப அணைச்சுட்டு எறக்கற மாதிரி இத எறக்கிறாதீங்க. இதுல எஞ்சின் ஓடுனாத்தான் பிரேக்கு. நின்னுபோச்சுன்னா ரெண்டு மிதி, மூணு மிதி. அப்பறம் பெடல் கல்லாயிரும்."

"பதினெட்டு வருசமா உருட்டறேன், அர்த்தனாரி."

"அது ஜீப்புங்க."

அடிவாரத்து ஜீப்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. உச்சி வளைவில் எஞ்சினை அணைத்தால் எழுபது வளைவும் இலவசம். ஏற்றத்தில் தின்றதை இறக்கத்தில் கக்க வைப்பது என்று சிரித்துக்கொள்வார்கள். குணசேகரன் அதில் கைதேர்ந்தவன் என்று பெயர் வாங்கியிருந்தான்.

ஏறும்போது வண்டி முனகக்கூட இல்லை. சீட்டில் உட்கார்ந்திருந்தது அவளுக்கே சுகமாக இருந்தது. அந்தச் சுகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வாசலூர்பட்டி போய்ச் சுற்றிவிட்டு, இறக்கம் தொடங்குமிடத்தில் இருக்கும் ருக்குமணியின் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். வருஷாவருஷம் அவளுடைய மிளகை ஜீப்பில் கீழே கொண்டுபோவது குணசேகரன்தான். மலைமேல் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. ஏற்றத்துக்கு எவ்வளவு ஆனது என்று பார்க்க, கொண்டுவந்திருந்த பத்து லிட்டர் டீசல் கேனைத் திறந்து டேங்க்கின் கழுத்து வரை ஊற்றினான். கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். அடியில் நாலு லிட்டர்தான் இருந்தது.

"ஆறு போயிருச்சு" என்றான்.

நிலம் தப்பியது.  பிரபாவதி அவன் முகத்தைப் பார்த்தாள், பாவமாக இருந்தது. அவன் கொஞ்ச நேரம் மூடியைத் திருகிக்கொண்டே நின்றான். பிறகு சிரித்தான். சீட்டாட்டத்தில் கடைசிச் சீட்டை மறைத்து வைத்திருக்கும்போது சிரிக்கும் சிரிப்பு.

"ஏம்புள்ள, நீ ரெண்டு மணி பஸ்ஸுல வந்துரு. இந்தக் கேனையும் எடுத்துக்க. வண்டி லேசா இருக்கட்டும்."

"நானும் கேனும் எறங்கிட்டா ஒரு லிட்டர்ல போய்ச் சேந்துருமாக்கும்?"

"சேந்துரும் பாரு."

எப்படிச் சேரும் என்பது அவளுக்குப் புரிந்தது. அர்த்தனாரி சொன்னது தொண்டை வரை வந்தது. சொன்னால், தோற்றுவிடுவோம் என்று பயந்து தடுக்கிறாள் என்பான். மூன்று வாரமாகத் தடுத்தே பேசியாயிற்று, இந்த ஒரு தடவை பேசாமல் இருப்போம் என்று நினைத்தாள்.

"பாத்துப் போங்க" என்றாள்.

வண்டி மஞ்சுக்குள் போனது. மரவள்ளிக் காட்டு ஓரத்தில் நின்று இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"சத்தம் நின்னுபோச்சுங்களே" என்றாள் ருக்குமணி. "பெரிய வண்டின்னா இப்பிடித்தானுங்களா?"

பிரபாவதி கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

பஸ்ஸில் கேனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை. எழுபது. அறுபத்தொன்பது. அறுபத்தெட்டு. வண்டி எங்கும் இல்லை. நல்லது, கீழே போய்ச் சேர்ந்திருப்பான், வென்றே தொலையட்டும் என்று சாமியிடம் சொல்லிக்கொண்டாள். நிலம் போனால் போகிறது. அறுபத்தேழு. அறுபத்தாறில் பஸ் நின்றது. முன்னால் நாலைந்து பேர் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரத் தடுப்புச் சுவர் ஓர் ஆள் நீளத்துக்குப் பெயர்ந்திருந்தது. டிரைவர் யாரும் இறங்க வேண்டாம் என்றார். அவள் கேனோடு இறங்கினாள். ரோட்டில் டயர் தேய்ந்த கோடு ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலையிலிருந்து மழை. குணசேகரனை எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம் இருக்கும். சுடுகாட்டுக்குப் போகாமல் புரோக்கர் வேலியோரம் குடைபிடித்து நின்றார். அவரருகில் பொங்கியண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நொறுங்கிய வண்டிக்கும் புரோக்கருக்கு விலை கொடுத்தாக வேண்டும். அப்பா மெதுவாகத் தலையாட்டியது பிரபாவதிக்கு உள்ளிருந்தே தெரிந்தது. கிணற்றடி நிலம் போய்விட்டது.

அர்த்தனாரி சுடுகாட்டிலிருந்து நனைந்துகொண்டு வந்தார். வாசற்படியோரம் இருந்த கேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அக்கா, கட்டை எல்லாம் ஈரமுங்க. பத்தவே மாட்டேங்குது."

அவள் கேனைக் கைகாட்டினாள்.

"எவ்வளவு இருக்குதுங்க?"

"நாலு லிட்டர்."

"ரெண்டு போதுமுங்க. மீதிய அளந்து கொண்டாந்து…"

"அளக்க வேண்டாங்க" என்றாள் பிரபாவதி. "எல்லாத்தையும் ஊத்திருங்க."

அவர் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். வாசலில் பழைய ஜீப் மழையில் நின்றது. அது உருண்டுவிடக் கூடாதென்று முந்தின நாள் காலை குணசேகரன் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல் அப்படியே இருந்தது.