வடக்குக் கிடங்கின் அளவு

ரென்ஷா பீங்கான் ஆலையின் வடக்குக் கிடங்கு 1987 மார்ச் இரண்டாம் தேதி திங்கட்கிழமை இருந்ததைவிட மறுநாள் நான்கு அங்குலம் நீளம் குறைந்திருந்தது. இதைக் கண்டவள் வெர்னா சோப்கோ. அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றங்கரையில் இருந்த அந்த ஆலையில் கோப்பைகளும் தட்டுகளும் அளவுக்கு இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் முப்பத்தொரு வருடமாக அவள் வேலை. இரண்டு நாளும் சாப்பாட்டு வேளையில், ஒரே அளவுகோலை முனைக்கு முனை வைத்து, ஒரே சுவரை அளந்தாள். செங்கல் பெயரவில்லை, சுவர் விரிசல் விடவில்லை, ஜன்னல்களின் எண்ணிக்கை குறையவில்லை. நான்கு அங்குலம் எங்கே போனது என்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

அவள் கிடங்கை அளக்கப் போனதற்குக் காரணம் வருகை பதியும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பு. தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதிக்கு ஒரு முதலாளி தன் சொத்தையே விற்கவோ, பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கவோ கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். விற்கிறவனே வாங்குகிறவனுக்காகவும் முடிவெடுத்தால், விலை அதிகம் என்று சொல்ல எதிரில் ஆள் இருக்காது. அதனால்தான் அந்தத் தடை. ஆனாலும் சில கொடுக்கல் வாங்கல்கள் தொழிலாளிக்கு நல்லதாகவும் அமையலாம் என்பதால் சட்டத்தில் ஒரு சிறு கதவும் உண்டு. முதலாளி வாஷிங்டனில் தொழிலாளர் துறைக்கு விலக்குக் கேட்டு மனுப் போடலாம். துறை அதை அரசிதழில் வெளியிட்டு, சம்பந்தப்பட்டவர்கள் அத்தனை பேருக்கும் தெரியப்படுத்தச் செய்து, நாற்பத்தைந்து நாள் கருத்துக் கேட்கும். வந்த கருத்து ஒவ்வொன்றும் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கக்கூடிய கோப்பில் சேரும். எதையும் பார்க்காமல் தீர்ப்பெழுத முடியாது. ரென்ஷா கம்பெனி, நிதிக்குக் கட்ட வேண்டிய முப்பத்திரண்டு லட்சம் டாலருக்குப் பதிலாக வடக்குக் கிடங்கைத் தருவதாக மனுப் போட்டிருந்தது. நீளம் இருநூற்று நாற்பது அடி, அகலம் தொண்ணூறு. நிதியை நம்பியிருந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். வெர்னாவின் கணவன் எமில் அதில் ஒருவன். களிமண் தூசி நுரையீரலில் படிந்து, மூக்கில் குழாயோடு வீட்டில் உட்கார்ந்திருந்தான். மாதம் பிறந்தால் நிதியிலிருந்து வரும் காசோலைதான் அவனுடைய ஆக்சிஜன் உருளை. கிடங்கு சுருங்கினால் காசோலையும் சுருங்கும்.

வெர்னா அன்றே கருத்து எழுதி அனுப்பினாள். கிடங்கின் நீளம் இருநூற்றுப் பதினொரு அடிதான், அதுவும் நாளுக்கு நாள் குறைகிறது என்று எழுதினாள். தொழிற்சங்கச் செயலாளர் ரஸ் டெல்வேக்கியோ அதன் நகலைப் படித்துவிட்டு, "எந்த அளவுகோல்ல அளந்த?" என்று கேட்டான். அவள் மேல்சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியதும் அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"வெர்னா, இது அச்சுப் பட்டறைக் கோலு."

பச்சைக் களிமண் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கிவிடும். அதற்கு ஈடாக அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமலிருக்க, அச்சுப் பட்டறையில் அங்குலத்தையே கொஞ்சம் பெரிதாகப் பொறித்த கோல் ஒன்று இருக்கும். அதைக் கொண்டு அளந்தால் எந்தக் கட்டடமும் குட்டைதான். கம்பெனி வக்கீல்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. கருத்து தெரிவித்தவர் மண்பாண்டத்துக்கான கோலால் கட்டடத்தை அளந்திருக்கிறார் என்று ஒரே வரியில் பதில் போட்டார்கள். அச்சுக் கோலோ அசல் கோலோ, ஒரே கோல் திங்களுக்கும் செவ்வாய்க்கும் வேறு வேறு அளவு காட்டாதே என்று கேட்க அந்த வரியில் இடமில்லை. அதன்பின் அவள் இரும்பு நாடாவால் அளந்து அனுப்பியவற்றுக்கும் அதே வரிதான் பதிலாக வந்தது.

கிடங்கு தொடர்ந்து சுருங்கியது. ஊரில் முதலில் யாரும் பதறவில்லை. மண்ணோடு பழகியவர்கள் ஆகையால், பன்னிரண்டு பங்கில் நின்றுவிடும் என்று நம்பினார்கள். ஜூன் ஒன்பதாம் தேதி பன்னிரண்டைத் தாண்டியது. சுவர் பின்வாங்கிய இடத்தில் வெயில் காணாத வெளிறிய மண் வெளியே வந்தது. பழைய விளிம்பில் புல் முழங்கால் உயரமும், உள்ளே வரவர விரல் உயரமும், சுவரோரம் ஒன்றுமில்லாமலும் வளையம் வளையமாக நின்றது. ஆகஸ்டில் சரக்கு வண்டி வாசலில் நுழையாமல் போகவே, நிர்வாகச் சீரமைப்பு என்று சொல்லிக் கம்பெனி பெட்டிகளை வேறிடத்துக்கு மாற்றியது. மதிப்பீட்டாளர் ஒருமுறை வந்தார். காரை விட்டு இறங்காமல், மடியில் விரித்த வரைபடத்தைப் பார்த்துப் பழைய விலையையே எழுதினார். வரைபடம் சுருங்கியிருக்கவில்லை.

வெர்னா புகைப்படம் அனுப்பினாள். தனியாக நிற்கும் கட்டடம் படத்தில் எந்த அளவிலும் இருக்கலாம் என்பதால் ரஸ்ஸைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தாள். கூரை அவன் தோளுக்கு வந்தது. படத்திலிருப்பவர் வழக்கத்துக்கு மாறான உயரம் உடையவர் என்று வக்கீல்கள் பதில் போட்டார்கள்.

"என் ஆயுசுல எவனும் என்னை உயரம்னு சொன்னதில்ல," என்றான் ரஸ். அவன் ஐந்தடி நாலங்குலம்.

கம்பெனி இரண்டு தடவை மனுவில் வேறு ஏதோ திருத்தம் செய்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் புது அறிவிப்பு, புதிதாக நாற்பத்தைந்து நாள். இரண்டு குளிர்காலம் அப்படிப் போயிற்று. பட்டியலிலிருந்தவர்களில் பதினேழு பேர் செத்துப்போனார்கள். எமில் சமையலறையிலிருந்து வாசலுக்கு வர மூன்று இடத்தில் நின்றான். மூன்றாவது அறிவிப்பில் இன்னும் ஆறு நாள் மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமை, முட்டைக்கோஸ் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே அவன் கேட்டான்:

"அம்மணி, இப்ப எவ்வளவு நீளம்?"

"ரொட்டிப் பெட்டி அளவு."

"அதை எழுதுனியா?"

"எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு. எத்தனை எழுதினாலும் அது நான் சொல்ற அளவுதானே, எமில். அவங்க ஒண்ணு சொல்றாங்க, நான் ஒண்ணு சொல்றேன். வாஷிங்டன்ல இருக்கிறவன் எதை நம்புவான்?"

எமில் இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டான். "உருளைக்காரன் அடுத்த மாசம் கடனுக்குத் தரமாட்டானாம். சொல்லிட்டான்."

அவள் அறிவிப்பை எடுத்து மறுபடியும் படித்தாள். கருத்துடன் ஆதாரங்களை இணைக்கலாம், இணைப்புகளும் கோப்பின் பகுதியாகும் என்று அதில் இருந்தது. இணைப்பு எந்த அளவில் இருக்க வேண்டும் என்று இல்லை.

கிடங்கு கம்பெனியின் சொத்து. எடுத்தால் திருட்டு. திருட்டென்றால் வேலை போகும், அதோடு அவளுடைய ஓய்வூதியமும் சிக்கலாகும். திங்கட்கிழமை அவள் வெறும் புல்வெளியாகிவிட்ட இடத்தின் நடுவே மண்டியிட்டு, கிடங்கை இரும்பு நாடாவால் அளந்தாள். பதினொன்றே கால் அங்குலம். குறித்த அளவுக்குக் குறைந்த எந்தச் சரக்கையும் இரண்டாம் தரம் என்று முத்திரை போடும் அதிகாரம் ஆலையில் அவளுக்கு இருந்தது. இரண்டாம் தரச் சரக்கை உருப்படி இருபத்தைந்து சென்ட்டுக்குத் தொழிலாளிகள் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆலை விதி இருந்தது. கூரையில் முத்திரை குத்தி, தூக்கி, பூச்சுக் கலவைக்குப் பொடி நிறுக்கும் தராசில் வைத்தாள். ஆறரை பவுண்டு. தட்டுப் பெட்டியில் காகிதச் சுருள் திணித்து உள்ளே வைத்தாள். வாசலில் காவல்காரர் ஆமிக் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"என்ன வெர்னா இது?"

"அளவு குறைஞ்ச சரக்கு."

"கதவு ஜன்னலெல்லாம் இருக்கே."

"இருக்கட்டும். இருநூத்து நாப்பது அடி இருக்கணும். பதினோரு அங்குலம்தான் இருக்கு. தேறாது."

ஆமிக் குனிந்து ஒரு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். வெளியே கொண்டுபோகும் சீட்டில் உருப்படி ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இருபத்தஞ்சு சென்ட்டை வச்சிட்டுப் போ. என் பென்ஷனும் அதுக்குள்ளதான் இருக்கு, ஆட்டாமத் தூக்கு."

கூடவைத்த கடிதத்தில் அவள் எந்த அளவையும் எழுதவில்லை. மனுவில் சொல்லப்பட்ட கட்டடத்தை இணைத்திருக்கிறேன், தயவுசெய்து உங்கள் கோலால் அளந்துகொள்ளுங்கள் என்று மட்டும் எழுதி, கூரை முத்திரைக்கும் வாசல் சீட்டுக்கும் நகல் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினாள். கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது பெட்டி போய்ச் சேர்ந்தது. கட்டடம் காணவில்லை என்று கம்பெனி புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால், காணாமல் போனதன் நீளத்தைப் புகாரில் குறிப்பிட வேண்டியிருக்கும். வாஷிங்டனில் அது வரிசை எண் ஒட்டப்பட்டுப் பொதுமக்கள் பார்வை அறையில் மற்றக் கருத்துகளோடு அலமாரியில் வைக்கப்பட்டது.

தீர்ப்பு 1989 மே மாத அரசிதழில் நான்கு பக்கத்துக்கு வந்தது. ரஸ் அதைக் கொண்டுவந்து எமிலின் படுக்கையருகே உட்கார்ந்து, வக்கீல்கள் சொன்னதையெல்லாம் தாண்டி, மூன்றாவது பக்கத்தை மட்டும் வாசித்தான். கருத்து தெரிவித்தவர்களில் ஒருவர் கட்டடத்தை இணைத்து அனுப்பியுள்ளார். துறை அதை அளந்தது. நீளம் பத்தே முக்கால் அங்குலம், அகலம் நான்கு. விலக்கு மறுக்கப்படுகிறது. மனுதாரர் நிதிக்குரிய தொகையைப் பணமாகச் செலுத்த வேண்டும்.